26,435 பவுண்டை எப்போது கேட்கலாம்? வெஸ்ட்மின்ஸ்டர் லைசென்ஸ் கட்டண வழக்கு

இங்கிலாந்தில் ஏதாவது ஒரு தொழிலுக்காகக் கவுன்சிலிடம் லைசென்ஸ் எடுத்தவர்களில் பலர் கவனித்திருப்பார்கள்: விண்ணப்பத்தோடு ஒரு தொகை கேட்கிறார்கள், லைசென்ஸ் உண்டு என்று முடிவான பிறகு இன்னொரு தொகை கேட்கிறார்கள். ஒரே தடவையில் வாங்கிக்கொண்டால் கவுன்சிலுக்கும் வேலை மிச்சம், நமக்கும் அலைச்சல் மிச்சம் என்று தோன்றும். அப்படி ஒரே தடவையில் வாங்கிக்கொண்டிருந்த ஒரு கவுன்சில்தான் வழக்கில் மாட்டியது. வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சிலுக்கு எதிரான ஹெம்மிங் வழக்கு என்று அதைச் சொல்வார்கள். உயர் நீதிமன்றம், மேல்முறையீட்டு நீதிமன்றம், உச்ச நீதிமன்றம், லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம், திரும்பவும் உச்ச நீதிமன்றம் என்று 2012 முதல் 2017 வரை தீர்ப்புகள் வந்துகொண்டே இருந்தன.

வழக்குப் போட்டவர்கள் பாலியல் பொருட்கள் விற்கும் கடைக்காரர்கள். அதனாலேயே நம்மவர்கள் பலர் இந்த வழக்கை நமக்குச் சம்பந்தமில்லாதது என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் இதில் முடிவான சட்டம் அந்தக் கடைகளோடு நிற்கவில்லை. வீட்டை அறை அறையாக வாடகைக்கு விடுபவர் கட்டும் லைசென்ஸ் கட்டணம்வரை அது போகிறது. லைசென்ஸ் கட்டணம் என்றால் என்ன, அதில் எதையெல்லாம் சேர்க்கலாம், யாரிடம் எப்போது கேட்கலாம் என்பதை இவ்வளவு நுணுக்கமாக அலசிய வேறு வழக்கு இங்கிலாந்தில் இல்லை என்றே நினைக்கிறேன்.

கட்டணத்தில் என்ன இருந்தது

லண்டனின் சோஹோ வட்டாரம் வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சிலின் எல்லைக்குள் வருகிறது. 1970-களில் அங்கே இந்தக் கடைகள் கட்டுப்பாடில்லாமல் பெருகின. அதைத் தொடர்ந்து வந்ததுதான் 1982-ஆம் ஆண்டின் உள்ளாட்சி பல்வகை ஏற்பாடுகள் சட்டம். அதன் மூன்றாம் அட்டவணை, இத்தகைய கடைகளுக்கு லைசென்ஸ் முறையைக் கொண்டுவந்தது. லைசென்ஸ் அதிகபட்சம் ஓராண்டுக்குத்தான். விண்ணப்பிப்பவர் "நியாயமான கட்டணம்" செலுத்த வேண்டும், அதைக் கவுன்சில் நிர்ணயிக்கும் என்று சட்டம் சொன்னது. நியாயமான என்பதற்கு அதற்கு மேல் விளக்கம் எதுவும் கொடுக்கவில்லை.

2011-12-ஆம் ஆண்டுக்கு வெஸ்ட்மின்ஸ்டர் கேட்ட கட்டணம் 29,102 பவுண்டு. அதில் விண்ணப்பத்தைப் பரிசீலிக்க 2,667 பவுண்டு. மீதி 26,435 பவுண்டு லைசென்ஸ் முறையை நடத்துவதற்கும், லைசென்ஸ் இல்லாமல் கடை போடுபவர்களைக் கண்டுபிடித்து வழக்குத் தொடர்வதற்கும். அதாவது பத்தில் ஒன்பது பங்கு நடத்தும் செலவும் அமலாக்கச் செலவும். லைசென்ஸ் மறுக்கப்பட்டால் இந்தப் பெரிய பங்கு திரும்பக் கிடைக்கும், சின்னப் பங்கு கிடைக்காது. ஆனால் விண்ணப்பிக்கும்போது முழுத் தொகையையும் கட்டியாக வேண்டும்.

அமலாக்கத்துக்கு ஏன் இவ்வளவு பணம் என்று கேட்கலாம். லைசென்ஸ் இல்லாத ஒரு கடையை மூடவைப்பது எளிதான வேலை இல்லை. அதிகாரிகள் போய்ப் பார்க்க வேண்டும், ஆதாரம் சேர்க்க வேண்டும், சட்டத்துறை கோப்பு தயாரிக்க வேண்டும், மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அன்றைய நிலையில் அந்தக் குற்றத்துக்கு 20,000 பவுண்டு வரை அபராதம் விதிக்கலாம். ஆனால் அந்த அபராதம் கவுன்சிலின் பெட்டிக்கு வருவதில்லை, மத்திய அரசுக்குப் போகிறது. நீதிமன்றம் வழக்குச் செலவு என்று உத்தரவிட்டால் அது மட்டும் கவுன்சிலுக்கு வரும், அதுவும் வசூலானால்தான். ஆக, செலவு எங்கிருந்தோ வந்தாக வேண்டும். ஒன்று, அந்த ஊரில் வரி கட்டும் எல்லோரும் கொடுக்க வேண்டும். அல்லது முறையாக லைசென்ஸ் எடுத்த கடைக்காரர்கள் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது வழி சரிதான் என்று 1985-இலேயே ஒரு தீர்ப்பு இருந்தது. அதிலும் எதிராளி வெஸ்ட்மின்ஸ்டர்தான். லைசென்ஸ் இல்லாதவர்களைத் துரத்தும் செலவையும் கட்டணத்தில் சேர்க்கலாம் என்று ஹட்டன் வழக்கில் நீதிமன்றம் சொன்னது. இதில் நியாயம் இருப்பதாகவே எனக்கும் படுகிறது. பக்கத்துத் தெருவில் ஒருவர் லைசென்ஸும் இல்லாமல் சோதனையும் இல்லாமல் அதே வியாபாரம் செய்தால், முதலில் அடிபடுபவர் ஒழுங்காகப் பணம் கட்டியவர். அவரைக் காப்பாற்றும் வேலைக்கு அவரே ஒரு பங்கு தருவதில் தவறில்லை. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இங்கிலாந்தின் கவுன்சில்கள் இந்த நம்பிக்கையில்தான் கட்டணங்களைக் கணக்கிட்டன.

2009 டிசம்பர் 28

அன்றைக்கு அமலுக்கு வந்தவை சேவை வழங்கல் விதிகள் 2009. 2006-இல் வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் சேவைகள் வழிகாட்டுதலைப் பிரிட்டன் தன் சட்டமாக்கிய வடிவம் இது. ஒரு நாட்டில் தொழில் தொடங்க வருபவரை அனுமதி, கட்டணம், படிவம் என்று வாசலிலேயே நிறுத்திவைக்கக் கூடாது என்பது அதன் நோக்கம். அதில் 18-ஆம் விதியின் நான்காம் பிரிவு, அனுமதி கேட்டு விண்ணப்பிப்பவர் மீது விழும் கட்டணம் நியாயமாகவும், அந்த அனுமதி நடைமுறைக்கு ஆகும் செலவுக்குத் தக்கதாகவும் இருக்க வேண்டும், அந்தச் செலவைத் தாண்டக் கூடாது என்கிறது.

கடைக்காரர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். அனுமதி நடைமுறை என்றால் விண்ணப்பத்தைப் பரிசீலிப்பது மட்டும்தானே? வேறு யாரோ லைசென்ஸ் இல்லாமல் கடை நடத்தினால் அவரைப் பிடிக்கும் செலவு எப்படி எங்கள் விண்ணப்பத்தின் செலவாகும்? எங்களிடம் 2,667 பவுண்டு கேட்கலாம், 26,435 பவுண்டு கேட்கவே கூடாது என்பது அவர்கள் வாதம்.

இதோடு இன்னொரு குற்றச்சாட்டும் இருந்தது. சட்ட நூல்களில் இதற்கு இரண்டாம் இடம்தான் கிடைக்கிறது. எனக்கோ, சாதாரணக் கடைக்காரர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான் என்று தோன்றுகிறது. வெஸ்ட்மின்ஸ்டரின் லைசென்சிங் கமிட்டி 2004-இல் ஒரு கட்டணத்தை நிர்ணயித்தது. அதற்குப் பிறகு வந்த ஆண்டுகளில் கமிட்டி உட்கார்ந்து, இந்த ஆண்டு செலவு இவ்வளவு, போன ஆண்டு மிச்சம் இவ்வளவு, ஆகவே கட்டணம் இவ்வளவு என்று முறையாகத் தீர்மானம் போடவில்லை. கட்டணம் மட்டும் ஆண்டுதோறும் வசூலாகிக்கொண்டிருந்தது. 2004-இல் போட்ட தீர்மானம் காலவரம்பு இல்லாதது, அதுவே போதும் என்று கவுன்சில் வாதாடியது. 2012 மே மாதம் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கீத் அதை ஏற்கவில்லை. கட்டணத்தை நிர்ணயிக்கும் கடமையைச் சட்டம் கவுன்சிலிடம் கொடுத்திருக்கிறது. லைசென்ஸ் ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்படுவது. ஆகவே அந்த ஆண்டுகளுக்கான கட்டணம் சட்டப்படி நிர்ணயிக்கப்படவே இல்லை என்று தீர்ப்பளித்தார்.

இந்தப் பகுதிக்கு ஐரோப்பியச் சட்டமே தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். கடைக்காரர் ஒரு தாளைத் தவறவிட்டால் லைசென்ஸ் நின்றுபோகும். அதே கண்டிப்பு கவுன்சிலின் கமிட்டிக்கும் உண்டு என்பதை இந்த வழக்கு நிலைநாட்டியது. லைசென்ஸ் கட்டணத்தில் கவுன்சில் லாபம் பார்க்க முடியாது. ஒரு ஆண்டில் உபரி வந்தால் அடுத்து வரும் ஆண்டுகளின் கணக்கில் அதைக் கழிக்க வேண்டும், பற்றாக்குறை வந்தால் சேர்த்துக்கொள்ளலாம். ஆண்டுதோறும் கணக்குப் பார்க்காத கவுன்சிலுக்குத் தன்னிடம் உபரி இருக்கிறதா இல்லையா என்பதே தெரியாது.

அமலாக்கச் செலவு விஷயத்திலும் நீதிபதி கீத் கடைக்காரர்கள் பக்கமே நின்றார். 2009 டிசம்பருக்குப் பிறகு லைசென்ஸ் இல்லாதவர்களைத் துரத்தும் செலவைக் கட்டணத்தில் சேர்க்க முடியாது என்றார். 2013 மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. வெஸ்ட்மின்ஸ்டர் பத்து லட்சம் பவுண்டுக்கு மேல் திருப்பித் தர வேண்டியதாயிற்று. நாடு முழுவதும் கவுன்சில்களின் லைசென்சிங் துறைகளில் கலக்கம் பரவியது. தெருவோர வியாபாரத்திலிருந்து பல லைசென்ஸ்களின் கட்டணங்கள் இதே அடிப்படையில்தான் போடப்பட்டிருந்தன.

குதிரைக்கு லாடம் அடிப்பவர்கள் எதற்கு வந்தார்கள்

வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது தலையிட்டு வாதாட வந்தவர்களின் பட்டியலைப் பார்த்தால் விஷயத்தின் அகலம் புரியும். கவுன்சில்களின் கூட்டமைப்பான உள்ளாட்சி சங்கம் வந்ததில் வியப்பில்லை. வழக்கறிஞர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்புகள் வந்தன. கட்டடக் கலைஞர்களின் பதிவு வாரியம் வந்தது. மருத்துவமனைகளையும் பராமரிப்பு இல்லங்களையும் சோதிக்கும் ஆணையம் வந்தது. குதிரைக்கு லாடம் அடிப்பவர்களின் பதிவு மன்றமும் வந்தது. நிதியமைச்சகமும் வந்தது.

இவர்கள் எல்லோருக்கும் ஒரே கவலைதான். ஒரு வழக்கறிஞர் ஆண்டுதோறும் கட்டும் கட்டணத்தில்தான் தவறு செய்யும் வழக்கறிஞர்களை விசாரிக்கும் செலவு நடக்கிறது. ஒரு தொழிலை ஒழுங்குபடுத்தும் செலவை அந்தத் தொழிலில் இருப்பவர்களிடம் வாங்கக் கூடாது என்று தீர்ப்பு நின்றுவிட்டால், அந்த அமைப்புகளின் அஸ்திவாரமே ஆட்டம் காணும்.

2015 ஏப்ரல் 29 அன்று வந்த தீர்ப்பில் உச்ச நீதிமன்ற நீதிபதி லார்ட் மான்ஸ் கேள்வியை இரண்டாகப் பிரித்தார். எனக்கு இந்த வழக்கிலேயே மிகவும் பிடித்த பகுதி இது. கட்டணம் வாங்க இரண்டு முறைகள் இருக்கின்றன. முதல் முறையில், விண்ணப்பிக்கும்போது பரிசீலனைச் செலவை மட்டும் வாங்குவார்கள். லைசென்ஸ் உண்டு என்று முடிவானவரிடம் மட்டும், நடத்தும் செலவையும் அமலாக்கச் செலவையும் பிறகு வாங்குவார்கள். இரண்டாவது முறையில், இரண்டையும் விண்ணப்பத்தோடு சேர்த்து வாங்கிவிட்டு, லைசென்ஸ் கிடைக்காவிட்டால் பின்னதைத் திருப்பித் தருவார்கள். முதல் முறை ஏ, இரண்டாவது பி. வெஸ்ட்மின்ஸ்டருடையது பி.

ஏ முறையில் எந்தத் தவறும் இல்லை என்றார் அவர். வழிகாட்டுதல் கட்டுப்படுத்துவது அனுமதி வாங்கும் கட்டத்தை. அனுமதி வாங்கி உள்ளே வந்தவரிடம், அந்த அனுமதியை வைத்திருப்பதற்கான கட்டணமாக, அளவோடு, லைசென்ஸ் முறையை நடத்தும் செலவை வாங்குவதை அது தடுக்கவில்லை. லைசென்ஸ் இல்லாதவர்கள் மீது நடவடிக்கை எடுக்கும் செலவும் அதில் அடங்கும். ஆக, 1985-இன் அடிப்படை நியாயம் பிழைத்தது. பி முறை பற்றி மட்டும் தெளிவு இல்லை என்று சொல்லி, அந்தக் கேள்வியை ஐரோப்பிய நீதிமன்றத்துக்கு அனுப்பினார்கள்.

2016 நவம்பர் 16 அன்று லக்சம்பர்க்கிலிருந்து பதில் வந்தது: பி முறை கூடாது. திருப்பித் தருவோம் என்று சொல்வதால் மட்டும் அது கட்டணம் இல்லை என்று ஆகிவிடாது. விண்ணப்பிப்பவர் அந்தப் பணத்தை முதலில் கையிலிருந்து எடுத்து வைத்தாக வேண்டும். அதுவே ஒரு நிதிச் சுமை. விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் செலவுக்கு மேல் அந்தக் கட்டத்தில் எதையும் கேட்கக் கூடாது.

புதிதாகக் கடை தொடங்குபவரின் கையிருப்பை நினைத்துப் பார்த்தால் இந்தப் பதில் எவ்வளவு நடைமுறை சார்ந்தது என்று விளங்கும். வாடகை முன்பணம், சரக்கு, அலமாரி, மின்வேலை என்று பணம் எல்லாப் பக்கமும் ஓடும் நேரம் அது. லைசென்ஸ் கிடைக்குமா என்பதே தெரியாத நிலையில் 26,435 பவுண்டை மாதக்கணக்கில் முடக்கி வைக்கச் சொன்னால், வசதி குறைந்தவர் விண்ணப்பிக்கவே மாட்டார். பணம் பத்திரமாகத் திரும்பி வரும் என்ற உறுதி, இப்போது பணம் இல்லாதவருக்கு உதவாது.

ஆனால் லக்சம்பர்க் தீர்ப்பின் சில வரிகள், ஏ முறையும் தப்பாது என்று வாதிட இடம் கொடுத்தன. கடைக்காரர்கள் அதையும் எடுத்து வைத்தார்கள். 2017 ஜூலை 19 அன்று உச்ச நீதிமன்றம் இறுதியாகச் சொன்னது: ஐரோப்பிய நீதிமன்றம் விடையளித்தது பி முறை பற்றிய கேள்விக்கு மட்டுமே. ஏ முறை செல்லும் என்ற எங்கள் முடிவு அப்படியே நிற்கிறது.

பணம் என்ன ஆயிற்று? வெஸ்ட்மின்ஸ்டர் செய்தது தவறுதான், ஆனால் தவறு கேட்ட நேரத்தில். லைசென்ஸ் கிடைத்தவர்கள் நியாயமான அமலாக்கப் பங்கை எப்படியும் கட்டியிருக்க வேண்டியவர்கள். முன்கூட்டியே வாங்கியது தவறு என்பதால் அந்தத் தொகை முழுவதும் அவர்களுக்கே சொந்தமாகிவிடாது என்பது நீதிமன்றத்தின் நிலை. கீழ் நீதிமன்றங்களில் கடைக்காரர்களுக்குக் கிடைத்த பெரிய வெற்றி கடைசியில் வெகுவாகச் சுருங்கிப்போனது. கொள்கை அளவில் பி முறை மட்டும் செத்தது.

தீர்ப்புக்குப் பின் மாறியவை

அடுத்த ஆண்டே ஒரு வழக்கு வந்தது. 2004-ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டப்படி, ஒரே குடும்பத்தைச் சேராத பலர் சமையலறையும் குளியலறையும் பகிர்ந்து வாழும் வீடுகளுக்கு லைசென்ஸ் வேண்டும். லண்டனின் ரிச்மண்ட் கவுன்சில் அந்தக் கட்டணத்தை விண்ணப்பத்தோடு மொத்தமாகக் கேட்டது. 2018-இல் உயர் நீதிமன்றம், வீட்டை வாடகைக்கு விடுவதும் இந்த விதிகளின்கீழ் வரும் சேவைதான், ஆகவே ஹெம்மிங் வழக்கின் முடிவு இதற்கும் பொருந்தும் என்றது. அதற்கப்புறம் நாடெங்கும் கவுன்சில்கள் வாடகை வீட்டு லைசென்ஸ் கட்டணத்தை இரண்டு பகுதியாகப் பிரித்தன. லண்டனில் வீடு வாங்கி அறைகளை வாடகைக்கு விட்டிருக்கும் தமிழர்கள் கட்டும் பகுதி ஒன்று, பகுதி இரண்டு எல்லாம் இங்கிருந்து வந்தவை.

டாக்சி கதை வேறு. போக்குவரத்துச் சேவைகள் சேவைகள் வழிகாட்டுதலுக்கு வெளியே இருப்பவை. அங்கே 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின் சொற்கள்தான் அளவுகோல். வேக்ஃபீல்டு கவுன்சில், ஓட்டுநர்களின் நடத்தையைக் கண்காணிக்கும் செலவை வாகன லைசென்ஸ் கட்டணத்தில் சேர்த்திருந்தது. 2019 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அது கூடாது என்றது. ஆனால் அதே செலவை ஓட்டுநர் லைசென்ஸ் கட்டணத்தில் சேர்க்கலாம் என்றும் சொன்னது. எந்தச் செலவை எந்தப் பையிலிருந்து எடுக்கிறோம் என்பதுவரை கவுன்சில் பார்க்க வேண்டும்.

மதுபான லைசென்ஸ் வைத்திருக்கும் மூலைக்கடைக்காரர்களுக்கு, ஈஸ்ட் ஹாமிலோ டூட்டிங்கிலோ அவர்களில் நம்மவர்கள் நிறையப் பேர், இந்த வழக்கு நேரடியாகப் பொருந்தாது. 2003-ஆம் ஆண்டின் லைசென்சிங் சட்டப்படி அந்தக் கட்டணத்தைக் கவுன்சில் போடுவதில்லை, மத்திய அரசே 2005-இல் விதிகளில் எழுதிவைத்தது. கடையின் வரி மதிப்பை வைத்து ஏ முதல் இ வரை ஐந்து படிகள். புதிய விண்ணப்பத்துக்கு 100 பவுண்டில் தொடங்கி 635 வரை, ஆண்டுக் கட்டணம் 70-இல் தொடங்கி 350 வரை. உண்மைச் செலவுக்கு இது போதவில்லை, மீதியை ஊரார் வரிப்பணத்திலிருந்து போடுகிறோம் என்று உள்ளாட்சி சங்கம் தொடர்ந்து சொல்லிவருகிறது. தொகை சிறியது என்பதற்காக அசட்டையாக இருந்துவிடக் கூடாது. ஆண்டுக் கட்டணம் கட்டாவிட்டால் லைசென்ஸை நிறுத்திவைத்தே ஆக வேண்டும் என்பது 2012 முதல் சட்டம், கவுன்சிலுக்கு அதில் விருப்பம் போல் நடக்க இடமில்லை. கட்டணம் பற்றித் தகராறு இருந்தாலோ நிர்வாகப் பிழை நடந்திருந்தாலோ 21 நாள் அவகாசம் உண்டு. நிறுத்திவைத்த காலத்தில் ஒரு பாட்டில் விற்றாலும் அது லைசென்ஸ் இல்லாத விற்பனைதான். தண்டனை ஆறு மாதம் வரை சிறை, அல்லது உச்சவரம்பில்லாத அபராதம், அல்லது இரண்டும்.

நடைபாதையில் மேசை போடுவதற்கான லைசென்ஸில் பாராளுமன்றம் மூன்றாவது வழியைப் பிடித்தது. கட்டணத்தைக் கவுன்சில் போடலாம், ஆனால் உச்சவரம்பு உண்டு. கொரோனா காலத்தில், 2020-இல், அது 100 பவுண்டு. 2024 மார்ச் 31 முதல் புதிதாக எடுப்பவருக்கு 500, புதுப்பிப்பவருக்கு 350.

ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் பிரிட்டன் வெளியேறிய பிறகு இதெல்லாம் போய்விட்டதா என்று சிலர் கேட்கிறார்கள். போகவில்லை. 2009-இன் விதிகள் சில திருத்தங்களோடு உள்நாட்டுச் சட்டமாகத் தொடர்கின்றன, 18-ஆம் விதியும் இருக்கிறது.

கடைக்காரர் கையில் இருப்பது

கவுன்சில் போடும் லைசென்ஸ் கட்டணம் அதிகம் என்று தோன்றினால் முதலில் கேட்க வேண்டியவை மூன்று. இந்த ஆண்டுக்கான கட்டணத்தை எந்தக் கமிட்டி எந்தக் கூட்டத்தில் நிர்ணயித்தது? கூட்டக் குறிப்புகள் கவுன்சிலின் இணையதளத்தில் இருக்க வேண்டியவை, வெஸ்ட்மின்ஸ்டர் முதலில் சறுக்கியதும் இங்கேதான். விண்ணப்பப் பரிசீலனைக்கு எவ்வளவு, மற்றவற்றுக்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டியிருக்கிறார்களா, இரண்டாவது பகுதியை லைசென்ஸ் உறுதியான பிறகுதான் கேட்கிறார்களா? போன ஆண்டுகளின் உபரியோ பற்றாக்குறையோ கணக்கில் வந்திருக்கிறதா? தகவல் அறியும் சட்டத்தில் இவற்றைக் கேட்டுப் பெறலாம்.

கேள்வியை எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் கேட்டால் பதில் காற்றோடு போய்விடும். கேட்டுக்கொண்டிருக்கும்போதே உரிய தேதிக்குள் பணத்தையும் கட்டிவிடுங்கள், ஆட்சேபத்தோடு கட்டுகிறேன் என்று ஒரு வரி எழுதிவைத்தால் போதும். கட்டணம் தவறு என்று நம்பிக் கட்டாமல் விட்டு, லைசென்ஸை இழந்து நிற்பது எந்த வாதத்துக்கும் ஈடாகாது. வழக்கு என்று போனால் நீதிமுறை மறுஆய்வுக்கு, அதாவது கவுன்சிலின் முடிவு சட்டப்படி சரியா என்று நீதிமன்றத்தைப் பார்க்கச் சொல்வதற்கு, தாமதமில்லாமல், எப்படியும் மூன்று மாதத்துக்குள் போக வேண்டும். அந்தக் கெடு கவுன்சில் முடிவெடுத்த நாளோடு தொடங்குவது, நமக்கு பில் வந்த நாளோடு தொடங்கும் என்று நம்பிக் காத்திருக்கக் கூடாது. வழக்குக்குப் போக வசதியில்லாதவர்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. ஆண்டுதோறும் 30 வேலைநாட்கள் கவுன்சிலின் கணக்குகளைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்கின்றன 2014-ஆம் ஆண்டின் உள்ளாட்சித் தணிக்கைச் சட்டத்தின்கீழ் வந்த 2015-ஆம் ஆண்டின் விதிகள். அந்த நாட்களில் கணக்கைப் புரட்டிப் பார்க்கலாம். அந்தப் பகுதி வாக்காளராக இருந்தால் தணிக்கையாளரிடம் ஆட்சேபமும் எழுதிக் கொடுக்கலாம். தேதிகளைக் கவுன்சில் தன் இணையதளத்தில் அறிவிக்கும்.